மங்குப் பாலின் சரித்திரம்

சரித்திரம் என்றவுடன் நம்மவர்க்கு அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. உழைப்பாளி கையாண்ட பொருளுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பால்மரத்தில் கட்டப்பட்ட ஒரு மங்கில் சொட்டிய பாலுக்குச் சரித்திரம் உண்டு என்று எவரேனும் கூறினால் நகைப்பாரும் நம்மில் இருக்கலாம். ஆனால் அந்த மங்குப் பால் உலகத்து விஞ்ஞானிகளின் மேசை வரையிற் சென்றிருக்கின்றது. நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் யந்திரத்தில் அதனை இட்டுச் சுழற்றி, உயிரின் நுட்பங்களை அதனிடமிருந்து கேட்டறிந்திருக்கின்றார்கள். இவ்வேலை தொலைதூரத்து ஐரோப்பாவில் மட்டுமன்று, நம் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோவுக்கு அண்மையிலேயே நடந்தது. அதனை நம் மக்களுக்குச் சொன்னவர் மிகச் சிலரே. ஆகையால் அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கக் கருதுகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்லுவோம். கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூருக்குச் செல்லும் பழைய சாலை சுங்கை பூலோவைக் கடந்து, ஈஜோக் வழியாகக் கடற்கரையை நோக்கிச் செல்லுகின்றது. அதன் இருமருங்கும், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஜெரம் முதலிய ஊர்களைச் சுற்றியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ஹென்றி போக்கோனியே என்னும் பிரஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் 1917-ஆம் ஆண்டில், பெயரிலேயே தமிழைத் தாங்கி நிற்கும் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனையை நட்டவரும் அவரே. அவர் பெயர் நூல்களில் இருக்கின்றது. காட்டை வெட்டியவர், கன்று நட்டவர், விடியுமுன் உளி பிடித்து நிரை நிரையாக நடந்தவர் ஆகியோர் பெயர் எந்நூலிலும் இல்லை. அவர்களிற் பெரும்பாலார் நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே.

இத்தோட்டங்களுக்கு நடுவே 1925-ஆம் ஆண்டில் ஓர் புதிய ஸ்தாபனம் சட்டப்படி ஏற்பட்டது. அது மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. மரத்தின் இனங்களையும், பட்டையின் அமைப்பையும், பாலின் தன்மையையும் அங்கே ஆராய்ந்தனர். பாலைச் சுழற்றிப் பிரிக்கும் கதையும் அக்கழகத்தோடு பின்னிக் கிடக்கின்றது.

சுழற்றிப் பிரித்தல் என்பது யாது? அரிசியில் கலந்த உமியை நம் பெண்மக்கள் முறத்திற் புடைத்து நீக்குகின்றனர். கலங்கிய ஆற்று நீரைப் பானையில் ஊற்றி ஓரிரவு வைத்தால் மண் அடியில் தங்கித் தெளிவு மேலே நிற்கின்றது. கனத்த பொருளைப் பூமி தன்பால் அதிகமாக இழுப்பதே தெளிவதற்குக் காரணம். ஆனால் மண்துகள் மிக நுண்ணியதாயின் ஓரிரவு போதாது, ஒரு மாதமும் போதாமற் போகலாம். பூமியின் இழுப்பைப் போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு இழுக்கும் ஒரு விசையை நாமே உண்டாக்கினால் என்ன? அவ்விசையை உண்டாக்கும் வழியே சுழற்றுதல். ஒரு வாளி நீரை எடுத்துக் கையை நீட்டித் தலைக்கு மேலாக வேகமாகச் சுற்றுங்கள். வாளி தலைகீழான வேளையிலும் நீர் சிந்துவதில்லை. அது வெளிப்புறம் நோக்கி அழுந்தி நிற்கின்றது. கவண்கல் சீறிப் பாய்வதும் இதே சுழற்சியின் வேகத்தால்தான். இம்முறையில் இயங்கும் பிரிப்பு யந்திரத்தையே சென்ட்ரிபியூஜ் என்கின்றனர்.

1878-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்துக் குஸ்தாப் டி லாவால் என்பவர், பசுவின் பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் சுழல் யந்திரத்தை அமைத்தார். கறந்த பாலை ஒருபுறம் விட்டுக்கொண்டே இருந்தால், மறுபுறம் ஒரு குழாயில் ஏடும் மற்றொரு குழாயில் ஏடெடுத்த பாலும் இடைவிடாமல் வரும். பசுவின் பாலுக்குச் செய்ததை மரத்தின் பாலுக்கும் ஏன் செய்யலாகாது என்று 1920-களில் சிலர் எண்ணினர். உட்டர்மார்க் என்பவர் அதற்கு வழி கண்டார். மரத்திலிருந்து வரும் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 35 பங்கே ரப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். அந்நீரையும் சேர்த்துக் கப்பலேற்றினால் கூலி யாருக்கு நஷ்டம்? ஆகவே அம்மோனியா கலந்து கெடாமற் காத்த பாலைச் சுழல் யந்திரத்தில் விட்டனர். நிமிஷத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை சுழலும் கிண்ணத்துக்குள் ரப்பர்த் துகள்கள், நீரினும் இலேசானவை ஆதலால், நடு அச்சை நோக்கி வந்து சேர்ந்தன. நூற்றுக்கு 60 பங்கு ரப்பருள்ள கெட்டிப் பால் ஒரு வழியாகவும், நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கே ரப்பருள்ள மெலிந்த பால் மறுவழியாகவும் வெளிவந்தன. கையுறை, பலூன், மெத்தைப் பஞ்சு ஆகியன செய்யக் கெட்டிப் பால் சென்றது. மெலிந்த பாலுக்குக் கந்தக அமிலம் விட்டு, உறைந்த சிறிது ரப்பரையும் விடாமல் எடுத்துக் கொண்டனர். சில மணி நேரத்துக்கொரு முறை யந்திரத்தை நிறுத்தி, கிண்ணத்தின் தட்டுக்களில் ஒட்டிய பிசினைக் கழுவ வேண்டும். அக்கழுவும் வேலை செய்த கைகள் நம்மவர் கைகளே. இன்று செம்பனை ஆலைகளிலும் எண்ணெயினின்று நீரையும் வண்டலையும் நீக்க இத்தகைய சுழல் யந்திரங்கள் ஓடுவதைத் தொழிலாளர் அறிவர்.

இதுவரை கூறியது ஆலையின் சுழற்சி. ஆராய்ச்சிசாலையின் சுழற்சியோ வேறு. ஆலைக்கு வேண்டுவது பண்டம், ஆராய்ச்சிக்கு வேண்டுவது அறிவு. சுவீடனின் உப்சாலா நகரத்தில் ஸ்வெட்பெரி என்னும் ரசாயன ஆசிரியர் 1924-ஆம் ஆண்டில் அதிவேகச் சுழல் யந்திரம் ஒன்றைக் கட்டினார். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் புரதத்தைக் கூட அதில் இட்டுப் படியச் செய்து, ஒரு மூலக்கூறு எவ்வளவு கனமுள்ளது என்று கணக்கிட்டார். 1926-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின்னர் இத்தகைய யந்திரங்கள் அமெரிக்காவில் விற்பனைக்கே செய்யப்பட்டு, உலகின் பல ஆராய்ச்சிசாலைகளுக்கும் பரவின.

இந்த யந்திரத்தின் உயிர்நிலை ரோட்டர் எனப்படும் சுழலுருளை. அது அலுமினியக் கலப்பு, டைட்டானியம் போன்ற இலேசும் உறுதியும் சேர்ந்த உலோகத்தாற் செய்யப்படும். சோதனைக் குழாய்களைச் செருகுவதற்கு அதில் குழிகள் இருக்கும். ஒருவகை உருளையில் குழாய்கள் சாய்ந்தபடியே அசையாமல் நிற்கும். துகள்கள் சிறிது தூரம் சென்றவுடனே குழாயின் சுவரில் மோதி வழிந்து அடியில் திரளும். விரைவில் திரட்டி எடுக்க இது ஏற்றது. மற்றொரு வகையில் குழாய்கள் தொங்கும் வாளிகளில் இருக்கும். உருளை சுழலத் தொடங்கியதும் வாளிகள் ராட்டினத்துத் தொட்டில் போல வெளிப்புறம் உயர்ந்து கிடையாக நிற்கும். படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் அமைய இதுவே தகுந்தது. எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இல்லாவிடில் உருளை ஆடும். மிகுந்த வேகத்தில் ஆடினால் உடைந்து சிதறி உயிருக்கே கேடு விளைக்கும். ஆதலால்தான் தடித்த எஃகுக் கவசத்துக்குள் அதனைச் சுழற்றுகின்றனர். காற்றின் உராய்வால் சூடேறாமல் இருக்கக் காற்றையும் உள்ளிருந்து இறைத்து நீக்குகின்றனர்.

சுங்கை பூலோவைச் சூழ்ந்த நம் பகுதிக்கு இனி மீளுவோம். 1953-ஆம் ஆண்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சஞ்சிகையில் குக், சேகர் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மரத்தினின்று அப்போதே இறக்கிய பாலை, பூமியின் இழுப்பைப் போல் 59,000 மடங்கு விசையிற் சுழற்றியதன் பயனை அதில் எழுதினர். 59,000 மடங்கு என்பது எத்தகையது? ஒரு கிராம் எடையுள்ள துளி 59 கிலோகிராம் மூட்டையைப் போல் அழுந்தும் என்க. அச்சிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தூரத்திலுள்ள துளிக்கு அவ்விசை கிடைக்க, உருளை நிமிஷத்துக்கு ஏறத்தாழ 25,700 முறை சுற்ற வேண்டும்.

இவ்வாறு சுழற்றியபின் குழாயைப் பார்த்தால், வெண்மையாக ஒன்றுபோல் தோன்றிய பால் நான்காகப் பிரிந்து நின்றது. மேலே வெள்ளை வெளேரென்று ரப்பர். அதன் கீழே மஞ்சளும் ஆரஞ்சுமான மெல்லிய ஏடு. அதற்கும் கீழே கண்ணாடி போல் தெளிந்த சீரம் என்னும் நீர். அடியில் பசைபோன்று மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு படிவு. ரப்பர் மட்டுமே பால் என்று உலகம் எண்ணியிருக்க, பாலுக்குள் ஒரு பெரிய குடும்பமே வாழ்வது இதனால் தெளிவாயிற்று. 1959-இல் அக்கழகத்தைச் சேர்ந்த மோயர் என்பவர் சாயமிட்டுப் பார்த்துப் பாலைப் பதினொரு அடுக்குகளாகவே எண்ணிக் காட்டினார்.

இச்சோதனை லண்டனில் நடவாமல் இங்கு நடந்ததற்கு ஓர் உறுதியான காரணம் உண்டு. அம்மோனியா ஊற்றிய பாலில் அடிப்படிவின் நுண்பைகள் உடைந்து போகின்றன. ஊற்றாத பாலோ சில மணி நேரத்தில் தானே உறைந்துவிடுகின்றது. ஆதலின் மங்கில் விழும்போதே பனிக்கட்டியிற் குளிரவைத்து, உடனே யந்திரத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். மரமும் யந்திரமும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதாயிற்று. கப்பலேறிப் பாரிசுக்கோ லண்டனுக்கோ சென்ற பாலில் இந்த இரகசியம் செத்துப் போயிருந்தது. அதனை உயிரோடு காட்டியது, அன்று காலையில் வெட்டுக்கோட்டிலிருந்து வடிந்த புதிய பாலே.

இவ்விருவரில் சேகர் என்பவர் யார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 1929-ஆம் ஆண்டில், சுங்கை பூலோவை அடுத்த குவாங்கில், உலு பூலோ ரப்பர்த் தோட்டத்தில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் பி.சி. சேகர். 1949-இல் ஆராய்ச்சிக் கழகத்திற் சேர்ந்தார். இக்கட்டுரை வெளிவந்த காலத்தில் அவருக்கு வயது இருபத்து நான்கைத் தாண்டவில்லை. 1966-இல் அக்கழகத்தின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் ஆசியர் அவரே. மலேசிய ரப்பருக்குத் தரம் வகுத்துச் சான்று தரும் முறையை நிலைநாட்டியதில் அவர் பங்கு பெரிது. 1973-இல் மக்சேசே விருது பெற்று, 2006-இல் மறைந்தார். தோட்டத்தில் பிறந்தவனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், தோட்டத்தில் பிறந்த ஒருவர் மரத்துப் பாலின் உள்ளமைப்பை உலகுக்குக் காட்டினார். இதனைவிடச் சிறந்த மறுமொழி அக்கேள்விக்கு வேண்டுமோ?

அடிப்படிவைப் பற்றி இனிக் கூறுவோம். அப்படிவில் உள்ளவை லூட்டாய்டு என்னும் நுண்பைகள். பாலின் கொள்ளளவில் அவை நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு இருக்கும். உயிர்நூலார் இவ்வகை நுண்பைகளை வேறிடத்திலும் கண்டனர். பெல்ஜியத்தில் டி டூவ் என்பவர் எலியின் ஈரலை அரைத்து, சுழல் யந்திரத்திலிட்டு, செரிமானப் பொருள்களைத் தம்முள் அடக்கிய பைகளைப் பிரித்து, 1955-இல் லைசோசோம் என்று பெயரிட்டார். 1974-இல் அவருக்கும், சுழற்பிரிப்பில் அவருக்கு முன்னோடியான கிளாடுக்கும், பாலாடே என்பவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பால்மரத்தின் லூட்டாய்டும் லைசோசோமை ஒத்ததே என்று 1960-களின் பிற்பகுதியில் பிரஞ்சு ஆராய்ச்சியாளர் காட்டினர்.

இங்கே ஒரு வேற்றுமையைக் கவனியுங்கள். ஈரலின் செல்லுக்குள் இருப்பதை எடுக்க ஈரலை அரைத்தாக வேண்டும். அரைக்கும்போது பாதி உடைந்து பாழாகும். பால்மரத்திலோ அரைக்க வேண்டுவதில்லை. பட்டையில் ஓடும் பாற்குழாய்கள் உயிருள்ள செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஆனவை. அவற்றினின்று வடியும் பால் அச்செல்களின் உட்சாறே ஆகும். செல்லின் கருவும் மற்றும் சில உறுப்புக்களும் குழாயின் சுவரோரமாகத் தங்கிவிட, சாறு மட்டும் மங்கில் இறங்குகின்றது. உயிருள்ள செல்லின் சாற்றை, மரம் சாகாமல், மரத்தின் உட்பாகத்தைத் தொடாமல், மெல்லிய பட்டைச் சீவலால் நாள்தோறும் எடுப்பது எளிய காரியமா? ஆராய்ச்சிசாலையில் பெரும் படிப்புப் படித்தவர் பாடுபட்டுச் செய்வதை, நம் பால்வெட்டுத் தொழிலாளி விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே காலையில் செய்தார். சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குப் புண், சற்று மேலாகப் போனால் பால் இல்லை. மயிரிழை அளவான அந்தக் கணக்கு அவர் கையில் இருந்தது. இதனை இழிதொழில் என்று பட்டணத்தில் இருந்துகொண்டு இகழ்ந்தவர்கள், தொழிலையும் அறியாதவர்கள், அறிவையும் அறியாதவர்கள்.

பால்வெட்டுவோர் நெடுங்காலமாக அறிந்த இரண்டு உண்மைகள் உண்டு. ஒன்று, விடியுமுன் வெட்டினால் பால் அதிகம். மற்றொன்று, வெட்டிய சில மணி நேரத்தில் பால் தானே நின்றுவிடும். ஏன் என்று துரைமாரைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. முதற் கேள்விக்கு விடையை அக்கழகத்தில் பட்டரி, போட்மன் என்பவர்கள் 1960-களின் முற்பகுதியில் பாற்குழாயின் அழுத்தத்தை அளந்து கண்டனர். இரவில் மரம் நீர் நிரம்பி நிற்கும்போது குழாயினுள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு இருக்கின்றது. வெயில் ஏறியபின் இலைகள் நீரை இழக்கவே அழுத்தம் குறைகின்றது.

இரண்டாவது கேள்விக்கு விடை தந்தது சுழல் யந்திரத்தின் அடிப்படிவு. வெட்டியவுடன் அழுத்தம் திடீரென்று தணிகின்றது. சுற்றிலுமுள்ள செல்களிலிருந்து நீர் பாற்குழாய்க்குள் பாய்கின்றது. அதனாலும் விரைந்தோடும் உராய்வாலும் லூட்டாய்டுப் பைகள் உடைகின்றன. உடைந்த பையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் ரப்பர்த் துகள்களைத் திரளச் செய்கின்றன. திரண்டது குழாயின் வாயை அடைக்கின்றது. நம் விரலில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து தானே நிற்பதைப் போன்றது இது. மரமும் தன் காயத்தைத் தானே அடைத்துக் கொள்ளுகின்றது. 1966-இல் பாக்கியநாதன், போட்மன், டேசம் என்போரும், 1968-ஐ ஒட்டிச் சவுதார்ன் என்பவரும் இதனைச் சோதித்து எழுதினர். பாக்கியநாதன் என்னும் பெயரைப் படிக்கும்போது, ஆராய்ச்சிசாலையின் கதவு நம்மவர்க்குச் சிறிது சிறிதாகத் திறந்ததையும் நாம் காண்கின்றோம். 1960-இல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பவர் இந்த அடிப்படிவிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பளிங்காக எடுத்து, ஹெவீன் என்று பெயரிட்டிருந்தார். ரப்பர்த் துகள்களை ஒட்டவைத்து மரத்தின் காயத்தை அடைப்பதில் ஹெவீனுக்குப் பங்குண்டு என்று 1994-இல் வேறு ஆராய்ச்சியாளர் காட்டினர்.

பால் ஏன் நிற்கின்றது என்று தெரிந்தால், நிற்காமல் செய்வது எப்படி என்னும் கேள்வி தானே எழும். 1968-இல் ஆபிரகாம், வைசர்லி, பாக்கியநாதன் மூவரும், பின்னர் எத்ரல் என்று கடையில் விற்ற மருந்தைப் பட்டையில் பூசினால் பால் நெடுநேரம் வடியும் என்று எழுதினர். அம்மருந்து மரத்துக்குள் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றது. குழாயின் வாய் அடைபடுதல் தாமதமாகின்றது. வாளிகள் நிறைந்தன. கிராணியின் கணக்கில் இறாத்தல்கள் உயர்ந்தன.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். பால் நிறைந்த வாளி கனத்த வாளி. அதனைக் காண்டாவில் தூக்கிச் சுமந்த தோள் யாருடையது? மருந்து பூசிய மரத்தை இரண்டு நாளுக்கொரு முறை வெட்டுவதற்குப் பதிலாக மூன்று நாளுக்கு, நான்கு நாளுக்கு ஒருமுறை வெட்டினாலும் போதும் என்றாயிற்று. அப்படியாயின் அதே பரப்புக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. அறிவு வளர்ந்ததால் மிச்சப்பட்ட உழைப்பு, உழைத்தவனுக்கு ஓய்வாக வந்ததா, அல்லது வேலையிழப்பாக வந்ததா? மருந்தை அளவுக்கு மிஞ்சிப் பூசிய இடங்களில் மரமும் பால் வற்றி நின்றது. அத்தகைய மரங்களில் லூட்டாய்டுகள் குழாய்க்குள்ளேயே உடைந்து பாலை உறையச் செய்வதையும் ஆராய்ச்சியாளரே கண்டு கூறினர். மரத்துக்கும் மனிதனுக்கும் நீதி ஒன்றே. இரண்டையும் அளவறிந்து நடத்த வேண்டும். குற்றம் விஞ்ஞானத்தின்மேல் இல்லை. அதன் பயனைப் பங்கிடுகின்ற கையின்மேலேயே கேள்வி. சுழல் யந்திரம் ஏட்டையும் மெலிந்த பாலையும் ஓரவஞ்சனையின்றிப் பிரிக்கின்றது. மனிதன் பிரிக்கும்போதுதான் ஏடு ஒருவனுக்கும் மெலிந்தது மற்றொருவனுக்கும் போய்ச் சேருகின்றது.

கதை இன்னும் முடியவில்லை. 1958-இல் அமெரிக்காவில் மெசல்சன், ஸ்டால் என்னும் இருவர், சீசியம் குளோரைடு என்னும் உப்புக் கரைசலில் கிருமிகளின் டி.என்.ஏ.-வை இட்டு நிமிஷத்துக்கு 44,770 முறை சுழற்றினர். கரைசல் மேலே நேர்த்தும் கீழே செறிந்தும் நிற்க, கனத்த டி.என்.ஏ. ஓரிடத்திலும் இலேசானது வேறோரிடத்திலும் கோடுபோல் தங்கியது. உயிர் தன் மரபை இரட்டிக்கும்போது, பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றுமாகச் சேர்த்துக் கொள்ளுகின்றது என்பது அதனால் உறுதிப்பட்டது. பரம்பரை என்பது தலையெழுத்தன்று, அது அளந்தும் பிரித்தும் பார்க்கத்தக்க பொருளே என்று அந்த யந்திரம் காட்டிற்று.

அக்கலை வளர்ந்து பால்மரத்துக்கும் வந்தது. 1990-இல் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆராய்ச்சியாளர் சேர்ந்து, பாலிலிருந்தே ஆர்.என்.ஏ. என்னும் செய்தி இழைகளைப் பிரித்தெடுத்து, ஹெவீனுக்குரிய மரபுச் செய்தியைப் படித்தனர். மரத்துக்குக் காயம் பட்டால் அச்செய்தி பெருகுகின்றது என்பதையும் கண்டனர். மங்கில் விழும் பாலில் மரத்தின் எண்ணமே எழுதப்பட்டிருக்கின்றது என்று சொல்லுவது மிகையாகாது.

அதே காலத்தில் இது மருத்துவமனைக்கும் சென்றது. 1980-களின் பிற்பகுதியில் தொற்றுநோய்க்கு அஞ்சி மருத்துவர்களும் தாதியரும் ரப்பர்க் கையுறையை மிகுதியாக அணியத் தொடங்கினர். சிலருக்கு அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாயின. பாலிலுள்ள புரதங்களே காரணம் என்று கண்டனர். அவற்றுள் முக்கியமான ஒன்று அந்த ஹெவீன். மரத்தின் காயத்தை ஆற்றுவது சில மனிதர் உடலுக்கு ஆகாததாயிற்று. எவ்வகைப் புரதம் எந்த அடுக்கில் இருக்கின்றது என்பதைச் சுழற்பிரிப்பால் முன்னரே அறிந்திருந்தமையால் பரிகாரம் காண வழி பிறந்தது. கெட்டிப் பாலை மீண்டும் ஒருமுறை சுழற்றியும், கையுறையை நன்றாகக் கழுவியும் புரதத்தைக் குறைத்தனர். கோலசிலாங்கூர்த் தோட்டத்து மங்குக்கும் எங்கோ ஒரு பிரசவ விடுதியில் தாதியின் கைக்கும் உள்ள உறவு இது.

இன்று அந்தப் பகுதி வழியாகச் செல்லுவோர் காண்பதென்ன? 1990-ஐ ஒட்டி மலேசியாவில் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பை மிஞ்சிவிட்டது. ரப்பர்க் காடாய் இருந்த நிரைகளில் செம்பனை நிற்கின்றது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிற்று. ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் அடங்கிற்று. சுங்கை பூலோவின் சோதனைத் தோட்டத்தில் பெரும்பகுதி குவாசா டமன்சாரா என்னும் புதிய நகரத்துக்காகக் கொடுக்கப்பட்டது. லயங்கள் பல இடிந்தன. அங்கு வாழ்ந்தோர் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குச் சென்றனர். மரம் போயிற்று, மங்கு போயிற்று. அவற்றைக் கையாண்டோரின் நினைவும் போய்விடுமானால், இச்சரித்திரத்தில் நமக்கு இருந்த பங்கை நாமே துறந்தவர்களாவோம்.

ஆதலால் தோட்டத்து அன்பர்களையும் பட்டணத்து அன்பர்களையும் ஒருங்கே வேண்டிக் கொள்ளுகிறோம். உளி பிடித்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். எந்த நேரத்தில் வெட்டினார்கள், எந்த மரம் சீக்கிரம் நின்றது, எந்த மாதத்தில் பால் மெலிந்தது, மருந்து பூசிய பிறகு என்ன மாறுதல் கண்டார்கள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆராய்ச்சிக் கழகச் சஞ்சிகையின் ஏடுகளில் ஒரு பாதி இருக்கின்றது, மறுபாதி இவர்கள் வாயில் இருக்கின்றது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு புட்டியில் கலங்கல் நீரை ஊற்றி, மூடி, கயிற்றில் கட்டிச் சுழற்றிக் காட்டி, இதே வழியில்தான் பால்மரத்தின் இரகசியத்தை நம் நாட்டிலேயே கண்டார்கள் என்று மாணவர்க்குச் சொல்லட்டும். உன் பாட்டி வெட்டிய மரத்தின் பாலும் அந்த அறிவுக்கு உரிய பொருளே என்று சேர்த்துச் சொல்லட்டும். அதனைக் கேட்ட சிறுவனோ சிறுமியோ விஞ்ஞானத்தை அயலார் சொத்து என்று கருதமாட்டார்கள். பாட்டியின் தொழிலைச் சொல்ல நாணவும் மாட்டார்கள். இவ்விரண்டு நன்மையும் ஒருங்கே கிடைக்குமானால், மங்குப் பாலின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னதன் பயன் முழுதும் கைகூடியதாகும்.